போர்வை முடிந்தால்தான் தேதி

தம்பி,

நீ நன்றாக இருக்கிறாய் என்பதை நேற்று வீடியோவில் பார்த்துவிட்டேன். கன்னம்கூடக் கொஞ்சம் உப்பியிருக்கிறது. ஆகையால் நலம் விசாரித்துக் கடதாசியை வீணாக்காமல் நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன் எடுக்கும்போதெல்லாம் கல்யாணத் தேதி என்னாச்சு, லீவுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறாய். நான் எதையாவது சொல்லி மழுப்புகிறேன். உனக்குக் கோபம் வருகிறது. வரிசையாக ஒட்டிக் கட்டிய இந்த லயக் காம்பராவில் உட்கார்ந்துகொண்டு போனில் ரகசியம் பேச முடியுமா? நீ கட்டாரிலிருந்து கேட்கிற கேள்விக்கு நான் வாயைத் திறப்பதற்குள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து செல்லம்மா பதில் சொல்கிறாள். போன வாரம் அவள்தான் போர்வை இன்னும் முடியவில்லை என்று கத்தினாள். நீ என்ன போர்வை என்று கேட்டாய். நான் சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. நம் தேயிலைத் தோட்டத்து மேக்கணக்கிலிருக்கிற உன் கூட்டாளி லீவு முடிந்து திரும்பப் போகிறானாம். அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மிளகாய்த்தூள் பொட்டலத்துக்கு அடியில் இருக்கும். பாதியில் வைத்துவிட்டு எனக்குப் போன் எடுக்காமல் முழுதாக வாசி.

எல்லாவற்றுக்கும் காரணம் நீ வாங்கிய கட்டில். போன லீவில் வந்தபோது, கல்யாணம் என்றால் பெரிய கட்டில் வேண்டாமா என்று ஹட்டன் டவுனில் அளவுகூட எடுக்காமல் வாங்கி லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தாயே, அது கதவுக்குள் நுழைந்ததா? நீயும் உங்கப்பாவும் முதலில் கதவைக் கழற்றினீர்கள், பிறகு நிலையைக் கழற்றினீர்கள், கடைசியில் கட்டிலின் காலையே கழற்றினீர்கள். காலைத்தான் முதலில் கழற்றியிருக்க வேண்டும் என்று நான் சொன்னதற்கு இரண்டு பேரும் என்னை முறைத்தீர்கள். கட்டில் உள்ளே வந்தது, அலுமாரி வாசல் இஸ்தோப்புக்குப் போனது. இன்றுவரை உங்கப்பா சட்டை மாற்ற வாசலுக்குத்தான் போகிறார். சரி, அந்தக் கட்டிலில் இரண்டு பேரைப் போர்த்த வீட்டில் என்ன இருக்கிறது? இருக்கிற கம்பளி எதைப் போட்டாலும் ஒருவருக்குத்தான் காணும். புதுசாகக் கல்யாணம் கட்டினவர்கள் இந்தக் குளிரில் போர்வைக்கு இழுபறிப்பட்டால் அது எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். நானும் உங்கப்பாவும் அங்கேதான் நிற்கிறோம். டவுன் கடையில் பெரிய போர்வை ஒன்றை ஆசையாக விரித்துப் பார்த்தேன். விலையைக் கேட்டதும், தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் விடுவதுபோல மெதுவாக இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

ஆகவே நானே தைப்பது என்று முடிவெடுத்தேன். கார்மண்ட்ஸில் கழித்துப் போடுகிற வெட்டுத்துண்டுகளை டவுனில் முஸ்லிம் நானா கடையில் நிறுத்து விற்கிறார்கள். ஒரு பை நிறைய வாங்கிவந்து, மழை பெய்கிற நாளெல்லாம் சதுரம் சதுரமாக ஒட்டித் தைத்தேன். ஒரு விஷயம் கேட்டுக்கொள். பெரிய போர்வையில் மேல்பக்கம் தைப்பது ஒரு வேலையே இல்லை. துண்டாக இருக்கிறவரை அது மடியில் அடங்கிக் கிடக்கும். முடிக்கப்போகும்போதுதான் தன் உருவத்தைக் காட்டும். மேல்துணி, நடுவில் கம்பளி, அடித்துணி மூன்றையும் சுருக்கமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக விரிக்க வேண்டும். பெரிய பெரிய ஓட்டுத்தையல் போட்டு நிறுத்த வேண்டும். அதற்குப் பிறகு மிஷினில் தைத்து, ஓரம் மடித்து அடிக்க வேண்டும். நடுவுக்குத் தோட்டத்தில் கொடுத்த பழைய கம்பளிகளைத் துவைத்து, ஓட்டை விழாத பாகங்களை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் விளிம்போடு விளிம்பு வைத்து இணைத்தேன். ஏறினால் அந்தத் தடிப்பு ராத்திரி முழுக்க உடம்பில் உறுத்தும். அடித்துணிக்கு என் நூல் சேலைகள் இரண்டு போயின. செலவு வெட்டுத்துண்டுக்கும் நூலுக்கும் ஊசிக்கும் மட்டும்தான். காசு கொடுத்தும் கிடைக்காத ஒன்றே ஒன்று இடம்.

கட்டிலைத் திரும்பவும் கால் கழற்றி இஸ்தோப்பில் போட்டோம். அப்போதும் போர்வை சுவரிலிருந்து சுவர் வரை நின்றது. அடுப்படிக்குப் போகிறவர் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் நகர வேண்டும். துணி நகராமலிருக்க ஓரங்களில் டேப் ஒட்டினேன்; நம்முடைய ஈரச் சிமெந்துத் தரையில் டேப் பிடிக்குமா? மூலைக்கு மூலை பாரம் வைக்கலாம் என்று பார்த்தால் வீட்டில் கனமான பொருள் அம்மிக்கல் ஒன்றுதான். ஆகவே ஆட்களை உட்கார வைத்தேன். ஒரு மூலையில் அம்மி, ஒரு மூலையில் செல்லம்மா, ஒரு மூலையில் உங்கப்பா. அசையாமல் உட்கார்ந்திருப்பதில் உங்கப்பாவை மிஞ்ச இந்தத் தோட்டத்தில் ஆளில்லை, அந்தத் திறமை முதன்முறையாக அன்றைக்குத்தான் வீட்டுக்கு உதவியது. நாலாவது மூலைக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. அது சுருண்டு சுருண்டு வந்துகொண்டிருந்தது. நான் நடுவில் மண்டியிட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் யாரோ செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. சங்கத்துக்குச் சந்தா வாங்க வருகிறவளாக்கும் என்று நினைத்து, தலையை நிமிர்த்தாமலே, வந்ததுதான் வந்தீர்கள், அந்த மூலையில் கொஞ்சம் உட்காருங்கள் என்றேன். அவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். மூலை நன்றாக இழுத்து நின்றது. எனக்குச் சந்தோஷம்.

உங்கப்பா தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார். அவர் எப்போதும் செருமுகிறவர்தானே என்று நான் கவனிக்கவில்லை. கடைசியில் நிமிர்ந்து பார்த்தால், நாலாவது மூலையில் உட்கார்ந்திருப்பது சுகந்தியின் அம்மா. நீ கட்டப்போகிற பெண்ணைப் பெற்றவர்கள், டவுனில் இத்தனை வருஷம் பாடம் நடத்துகிற டீச்சர், புருஷன் இல்லாமல் ஒற்றைப் பிள்ளையை வளர்த்தவர்கள், கல்யாணத்துக்குச் சரி என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் ஆறு மாதமாக உன்னையும் அந்தப் பெண்ணையும் ஊசலாட விட்டவர்கள். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைப் பார்க்க வந்திருக்கிறார்கள். வீடு எங்கே இருந்தது பார்க்க? எல்லாம் போர்வைக்கு அடியில் இருந்தது. ஒரு கதிரைகூட உள்ளே இல்லை. நான் வெட்கத்தில் எழுந்திருக்கவும் முடியாமல், எழுந்தால் துணி கலைந்துவிடுமே என்ற கவலையில், வாங்க என்று சொல்லிக்கொண்டே தையலைத் தொடர்ந்தேன். நல்லபடி பேசியிருந்தால் ஒன்றுமில்லை. ஆனால் அவர்கள் சுவர் சுவராகப் பார்த்துவிட்டு, நேராகவே கேட்டார்கள்.

“ஒங்க மகன் கல்யாணம் முடிஞ்ச கையோட ப்ளேன் ஏறிருவாரு. அதுக்கப்பறம் எம்புள்ள இந்தக் காம்பராவுல எங்க படுப்பா?”

என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும். எங்கள் தலைமேல் படுக்கட்டும் என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். டீச்சரும் டயகம தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள்தானே, அங்கே எந்த மாளிகையில் படுத்தார்களாம் என்றும் கேட்டுவிட்டேன். அவர்கள் முகம் சிவந்துவிட்டது. லயத்தில் படுத்தது போதும் என்றுதான் படித்து டவுனுக்குப் போனதாகவும், பிள்ளையைத் திரும்ப அங்கேயே கொண்டுவந்து விடுவதற்காக அல்ல என்றும் சொன்னார்கள். நான் ஒன்று சொல்ல, அவர்கள் ஒன்று சொல்ல, கோபத்தில் என் ஊசி ஓடியது ஓடியதுதான். இத்தனை வேகமாக என் வாழ்நாளில் தைத்ததில்லை. கடைசியில் அவர்கள், அப்ப நான் வர்றேன் என்று படக்கென்று எழுந்தார்கள்.

போர்வையும் எழுந்தது. அவர்கள் சேலை முந்தானையை, தரையில் விரிந்து கிடந்த அந்த அழகான சேலையை, ஒரு முழ நீளத்துக்குப் போர்வையோடு சேர்த்துத் தைத்திருந்தேன். அவர்கள் இழுத்த இழுப்பில் செல்லம்மா மல்லாந்து விழுந்தாள். அம்மிக்கல் மட்டும் மரியாதையாக இருந்த இடத்தில் இருந்தது. டீச்சர் வாசலைப் பார்த்து ஒரு எட்டு வைத்தார்கள், மூன்று அடுக்குத் துணியும் பின்னாலேயே வந்தது. செல்லம்மா படுத்த வாக்கில் தன் சேலைத் தலைப்பை வாயில் அமுக்கிக்கொண்டு சிரித்தாள். அப்போதுதான் உங்கப்பா, அன்று முழுக்கச் செருமியதைத் தவிர வாய் திறக்காத மனுஷன், பேசினார்.

“டீச்சர், கொஞ்சம் உக்காருங்க. நீங்க போனா போர்வையும்ல போயிரும்.”

வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார்கள். நான் பிளேடை எடுத்தேன். பிளேடு சேலைப் பக்கமே வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு தையலாக ஊசி முனையால்தான் பிரிக்க வேண்டும். கோபத்தில் போட்ட தையல், பிரிகிறதா? இரண்டு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு குனிந்து பிரித்தோம். சண்டை போட்டவரோடு அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் முடியாது, மூச்சை அடக்கவும் முடியாது. கொஞ்ச நேரத்தில் அவர்கள் டீச்சர் புத்தியைக் காட்டினார்கள். பிறகு பிரிக்கப்போகிற தையலை யாராவது இத்தனை நெருக்கமாகப் போடுவார்களா என்று கேட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அது உண்மை. உங்கப்பா பிளேன்டீயும் கருப்பட்டியும் கொண்டுவந்து, சுவரோடு ஒட்டி நகர்ந்து நகர்ந்து கொடுத்தார். முந்தானை விடுபட்டபோது அவர்கள் எழுந்துகொள்ளவில்லை. போர்வையை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை பார்த்தார்கள். இதை முடிக்கக் கோயில் மண்டபத்துக்குக் கொண்டுபோவீர்களா என்று கேட்டார்கள். அங்கே ஏன், இங்கேயே முடிப்பேன் என்று வீம்புக்குச் சொன்னேன்.

“சரி. இவ்வளவு பெருச இந்த எடத்துக்குள்ளயே முடிச்சுக் காட்டுங்க. இதுக்கு எடம் இருந்தா எம்புள்ளைக்கும் எடம் இருக்கும். அப்பறம் தேதியப் பேசுவோம்.”

இதுதான் தம்பி, நான் மழுப்பிய விஷயம். உன் கல்யாணத் தேதி பஞ்சாங்கத்தில் இல்லை, தையல் மிஷினில் மாட்டிக்கொண்டிருந்தது. நீ சுகந்தியிடம் கேட்டிருப்பாய், அவளுக்கும் தெரியாது. அவள் அம்மா அவளிடம் மூச்சுவிடவில்லை.

மிஷின் வேலை இருக்கிறதே, அது வேறு கூத்து. தரையில் விரித்த போர்வையை இரண்டு பக்கமும் பாய் சுருட்டுவதுபோல இறுக்கிச் சுருட்டினால்தான் மிஷின் கைக்கு அடியில் நுழையும். நுழைந்தாலும் அதன் பாரம் கீழே தொங்கி ஊசியை வளைக்கும். இரண்டு ஊசி உடைந்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. மேசையைச் சுவரோடு தள்ளிப் போட்டேன், பின்னால் விழாது. இடது பக்கத்தில் அரிசி மூட்டைமேல் பலகை வைத்துப் பாரத்தைத் தாங்க வைத்தேன். வலது பக்கத்தில் உங்கப்பா ஒரு முனையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். திருவிழாவில் கரைக்காரர் சாமி தூக்குவதுபோல அவர் நிற்க, நான் நடு வரியைத் தைத்து முடித்து, அதற்குப் பிறகுதான் வெளிப்பக்கம் போனேன். நடுவை விட்டுவிட்டு ஓரத்தில் ஆரம்பித்தால் சுருக்கம் எல்லாம் நடுவில் வந்து குடியேறும். நீயும் உன் வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் நடுவிலிருந்து ஆரம்பித்துப் பேசு, ஓரத்தில் உன் அம்மாவிலிருந்து ஆரம்பிக்காதே. கட்டில் இஸ்தோப்பில் கிடந்ததால் அந்த நாட்களில் உங்கப்பா அங்கேதான் படுத்தார். சாரல் அடித்தபோது குடை பிடித்துக்கொண்டு தூங்கினார். காலையில் கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் வீட்டில் என்ன பிரச்சினை என்று ஆளுக்கு ஆள் விசாரித்தார்கள். போர்வை தைக்கிறோம் என்று சொன்னால் ஒருத்தியும் நம்பவில்லை.

டீச்சர் ஞாயிற்றுக்கிழமை தோறும் பஸ் ஏறி வந்தார்கள். பார்வையிட என்று வந்தவர்கள் இரண்டாவது வாரமே ஊசியைக் கையில் எடுத்துவிட்டார்கள். எனக்கும் துணைதானே என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் வேலை நகரவில்லை தம்பி. வாரம் முழுக்க நான் தைத்துவைத்த வரிகளை அவர்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்ப்பார்கள், இது வளைந்திருக்கிறது, அது சுருங்கியிருக்கிறது என்று பிரிப்பார்கள், டீ குடிப்பார்கள், நாலு மணி பஸ்ஸுக்குப் போய்விடுவார்கள். அடுத்த ஞாயிறும் அதே கதை. நீ அங்கே தேதி தேதி என்று உயிரை வாங்குகிறாய், இவர்கள் இங்கே பிரி பிரி என்று உயிரை வாங்குகிறார்கள். ஒரு ராத்திரி உங்கப்பாவிடம், இந்தம்மாவுக்குக் கல்யாணத்தில் இஷ்டமில்லை, அதை முகத்துக்கு நேரே சொல்லாமல் என் தையலில் காட்டுகிறார்கள், வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டில் ஒன்று பார்த்துவிடுகிறேன் என்று சொன்னேன். அவர் குடையை மறுபக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டார்.

அந்த ஞாயிறு நான் டீ ஊற்ற உள்ளே போனவள், சீனி டப்பாவை முன்பக்கத்தில் மறந்துவிட்டதால் சட்டென்று திரும்பி வந்தேன். டீச்சர் ஒரு வரியைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அது நான் தைத்த வரி இல்லை. போன வாரம் அவர்கள் தங்கள் கையாலேயே தைத்தது. அடிமட்டம் வைத்துக் கோடு போட்டதுபோல நேராக இருந்த வரி. என்னைப் பார்த்ததும் கை நின்றது. வளைஞ்சிருந்துச்சு என்று சொன்னார்கள். சண்டை போட எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஆனால் நீ கட்டாருக்குப் போன அன்று நான் என்ன செய்தேன் என்று எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. உன் பையை நான் கட்டினேன், நிறை கூடிவிட்டது என்று பிரித்தேன், திரும்பக் கட்டினேன், மிக்ஸர் பொட்டலம் நசுங்குகிறது என்று பிரித்தேன். வேன்காரன் ஹோன் அடிக்கும்வரை அதைத்தானே செய்தேன்? பையில் நிறை கூடவில்லை தம்பி. பை மூடினால் நீ போய்விடுவாய், அவ்வளவுதான். இந்தப் போர்வை முடிந்தால் டீச்சர் வீட்டில் ராத்திரிக்கு ஒரு தட்டுத்தான் வைப்பார்கள். கல்யாணத்தில் இஷ்டமில்லாமல் இல்லை, பிள்ளையை விட மனசு வரவில்லை. நான் சீனி டப்பாவை எடுத்துக்கொண்டு, ஆமா, கொஞ்சம் வளைஞ்சுதான் இருந்துச்சு என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கொஞ்சம் அழுதேன். டீயில் சீனி போட்டேனா இல்லையா என்று தெரியாது. டீச்சர் அதைக் குடித்துவிட்டு நல்லாருக்கு என்றார்கள்.

அதற்குப் பிறகு நான் அவசரப்படுத்தவில்லை. வரிகள் முடிந்தன. அடித்துணியை நாலு பக்கமும் கூடுதலாக விட்டிருந்தேன், அதையே மேலே மடித்து ஓரம் அடித்தேன், தனியாகப் பட்டி வாங்கும் செலவு மிச்சம். மூன்று பக்கம் முழுதாகவும் நாலாவது பக்கத்தில் கடைசி ஒரு சாணைத் தவிர மீதியையும் அடித்துவிட்டு, நூல் கோத்த ஊசியை அங்கேயே குத்தி வைத்தேன். போன ஞாயிறு அவர்கள் வந்ததும் விரித்துக் காட்டினேன்.

“இந்த ஒரு சாண் ஒங்களுக்கு டீச்சர். எப்ப மனசு வருதோ அப்பத் தைங்க. நான் கேக்க மாட்டேன்.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்கள். பிறகு ஊசியை எடுத்தார்கள். ஒரு சாண் ஓரத்தை ஒருவர் அவ்வளவு மெதுவாகத் தைத்து நான் பார்த்ததில்லை. நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். ஒரு தையலையும் அவர்கள் பிரிக்கவில்லை. கடைசி முடிச்சுப் போட்ட பிறகு நூலை அறுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்கள்.

“எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. நீங்களே அறுத்துருங்க.”

குனிந்து பல்லால் கடித்தேன். அவர்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தை மாதத்தில் நல்ல நாள் பார்க்கச் சொன்னார்கள். ஆகவே தை மாதத்துக்கு லீவு போடு. டிக்கட் எடுத்ததும் வழக்கம்போல முதலில் என்னைக் கூப்பிடாதே, அவர்களைக் கூப்பிடு. சாப்பிட்டீர்களா என்று கேள், அவர்களாக வைக்கும்வரை நீ போனை வைக்காதே. எனக்கு மறுநாள் எடுத்தால் போதும்.

உன் அம்மா